கொட்டாங்குச்சி ஆமைகள்

செவ்வாய்க்கிழமை, திண்டிவனம்

ரொம்ப அலுப்பாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை.

நேற்று நாலாம் வகுப்புக்குக் கடல் ஆமைப் பாடம். எங்கே சுற்றினாலும் முட்டையிட, தான் பிறந்த கரைப் பக்கமே திரும்பி வரும் என்றேன். ஓட்டின் மேல் கருவி ஒட்டி அது போகும் வழியைக் கண்டுபிடிப்பதையும் சொன்னேன். பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் ஆமை செய்து, கருவிக்குப் பதில் பாட்டில் மூடி ஒட்டினார்கள். நானும் ஒன்று செய்தேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எங்கெங்க போச்சுன்னு நாளைக்கு வந்து சொல்லணும்" என்று அனுப்பினேன்.

இன்று காலையில் போனால் அத்தனை ஆமையும் பள்ளி கேட் ஓரம் கிடக்கிறது. என் வகுப்பு எழிலரசியின் அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"கொட்டாங்குச்சின்னாலும் ஆமை ஆமைதானே டீச்சர். எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில படுத்துகினு இருக்காரு. அத உள்ள உடுவமா?"

ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்பார்கள். எனக்குத் தெரியாதா என்ன? எப்படி மறந்தேனோ. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

வகுப்பில் எழிலரசி எழுந்தாள். "எல்லாம் பொறந்த எடத்துக்கே வந்துடிச்சி டீச்சர். உங்க ஆமை மட்டும் எங்க?"

"எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு" என்றேன்.

அது நேற்றிலிருந்து ஸ்கூட்டி டிக்கியில்தான் கிடக்கிறது. நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஸ்கேன். அது முடியட்டும், அப்புறம் உள்ளே எடுத்து வைக்கலாம்.