மார்லீனிடம் அழுதவன்

யூஜீன், ஓரிகன்

என்னவனே,

மனக்காயம் ஆற, மனதைத் திறக்கும் காளான் மருந்து கொடுக்கிறார்களே, அந்தச் சிகிச்சைக் குழுவில் உனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் மார்லீனை இன்று கடையில் பார்த்தேன்.

"போர்ல தன் மடியிலயே செத்துப்போன ரஸ்ஸலப் பத்திச் சொல்லி உன் புருஷன் எப்படி அழுதார் தெரியுமா? நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டேன்," என்றாள்.

"தெரியுமே, எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?" என்று பொய் சொன்னேன்.

இத்தனை வருடம் நீ தூக்கத்தில் அலறும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் கொடுத்தவள் நான். எனக்குக் கிடைத்தது, "ஒண்ணுமில்ல, தூங்கு." அவளுக்கு ஒரே மத்தியானத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. நீ குணமாவதில் சந்தோஷம்தான். அவள் கையைப் பிடித்துக் குணமாவதுதான் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை சிகிச்சை முடிந்து உன்னை அழைக்க வரும்போது வண்டியிலேயே காத்திருக்க மாட்டேன், உள்ளே வருவேன். ரஸ்ஸல் யார் என்று எனக்கும் சொல். மருந்து இல்லாமல் சொல்.

உன் மனைவி