கமரா பழுதில்லை

உக்குவளை,
17.08.2025

அன்பின் றிப்காவின் வாப்பா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் நல்ல சுகம். டோஹாவில் சூடு கடுமை என்றீர்கள். தண்ணீரை நிறையக் குடியுங்கள். இங்கே நாலு நாளாக மழை. றிப்கா கணிதத்துக்கு எண்பத்தொன்று எடுத்திருக்கிறாள். அதை அவளே உங்களிடம் சொல்ல வேண்டுமாம். தெரியாத மாதிரி இருங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் பாதி சொல்லும்போதே நீங்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம். லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் இத்ரூஸ் நானாவிடம் ஒட்டிக் கொடுக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கெத்தரின் டீச்சர் போன மாதம் வந்தார். தெருவில் களவு நடந்த பிறகு நீங்கள் பூட்டச் சொன்ன இரண்டு கமராக்களில், ஒன்று நம் ஹோலுக்குள் இருக்கிறது; பின்சுவரில் இருக்கும் மற்றது அவருடைய கிணற்றடியைப் பார்க்கிறதாம். “உங்க மேல கோவம் இல்ல ஸரீனா. அது படம் புடிக்குதோ இல்லையோ, யாரோ பாக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் குளிக்கிறேன்” என்றார்.

கமரா பூட்டிய உங்கள் சாச்சா மகன் ஸப்வானைக் கூப்பிட்டேன். டீச்சர் சொல்வது சரிதானா என்று கேட்டதும் தன் போனை எடுத்துக் காட்டினான். கொடியில் காய்கிற துவாய் வரைக்கும் தெரிந்தது. அவனுடைய போனிலும் நம் வீடு வருகிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். திருப்பி வை என்றால், நானா, அதாவது நீங்கள், சொல்லாமல் தொட மாட்டேன் என்று போய்விட்டான்.

டீச்சரிடம் படித்த ஒரு பெண் இப்போது மாத்தளையில் சட்டத்தரணி. அவளைப் பார்க்க டீச்சருக்குத் துணையாகத்தான் போனேன். கடைசியில் அவரைவிட நான்தான் அதிகம் கேள்வி கேட்டேன். அந்தரங்கம் என்பது நம் நாட்டில் ஓர் உரிமையா என்று அறிய எனக்கு ஒரே ஆவல். அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அது தனி உரிமையாக எழுதப்படவில்லையாம். தகவல் அறியும் உரிமையைச் சொல்லும் இடத்தில், தகவல் தராமல் இருக்க ஒரு காரணமாக மட்டும் அந்தச் சொல் வருகிறதாம். ஆனால் பழைய ரோமன்-டச்சுச் சட்டப்படி, ஒருவருடைய மானத்துக்கு வேண்டுமென்றே பங்கம் செய்தால் வழக்குப் போடலாமாம். 2022இல் தனிப்பட்ட தரவுகளுக்கென்று ஒரு சட்டமும் வந்திருக்கிறது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் சொந்தப் பாவனைக்கு அது பொருந்தாதாம். அப்படியென்றால் மதிலைத் தாண்டிப் பார்க்கும் கமரா வீட்டுப் பாவனையா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்து, அதைத்தான் நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, “வீட்டுக்குள்ள இருக்குற கமரா எதுக்குங்க?” என்றாள்.

பாதுகாப்புக்கு என்றேன்.

“யாருகிட்ட இருந்து?”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே யோசித்தேன். மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்ட அன்று, அவர் கேற்றைத் தாண்டும் முன்பே உங்கள் போன் கோல் வந்தது. யார் அது, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு பகல் சாப்பாட்டை ஸ்டோர் அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அங்கே கமரா எட்டாது. யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. என் வீட்டு ஹோலிலேயே முக்காட்டை எடுப்பதில்லை. உங்கள் அறையில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் போனைத் திறக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெளியில் போய் வந்தால் சொந்த வீடானாலும் ஸலாம் சொல்லித்தான் உள்ளே வருவீர்கள். இந்தக் கமரா ஸலாம் சொல்லி வருவதில்லை.

அடுத்த நாளே மேசையைப் போட்டு ஏறி, பின்கமராவை நம் பின்வாசல் பக்கம் திருப்பினேன். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஹோல் கமரா பழுது என்று நான் உங்களிடம் சொன்னது பொய். வயரைக் கழற்றியது நான்தான். மூன்று கிழமையாக அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு உங்களோடு பேச முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பொய்க்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். வயரை மறுபடி கொழுவ மாட்டேன்.

உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. எங்களைப் பிரிந்து தூரத்தில் இருக்கிறவருக்கு வீட்டைப் பார்க்க ஆசை வரும். ஆனால் கமராவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால் நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. யார் வந்தார்கள், என்ன சமைத்தாய், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று பழையபடி கேளுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன்.

இதை வாசித்த கையோடு கோல் எடுக்க வேண்டாம். ஒரு நாள் யோசித்துவிட்டு எடுங்கள். உங்கள் உடம்பையும் மனதையும் அல்லாஹ் சுகமாக வைக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

வஸ்ஸலாம்.

உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கும்,
ஸரீனா