முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை

கோச்,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, போய் மைதானத்தைச் சுற்றி ஓடு" என்றிருப்பீர்கள். அதுவும் உங்களுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத தமிழில் எழுதுகிறேன். இத்தாலியனில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பந்தியும் "சரி கோச்" என்று முடிந்தது. அந்த மொழியில் உங்களுக்கு வேறு எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இன்று மைதானத்தில் குளிர் தொடங்கிவிட்டது. சாமான் அறையில் ஆணியில் தொங்கும் உங்கள் நீல யக்கெட்டை நீங்கள் போன பிறகு யாரும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. இன்று காற்றுத் தாங்காமல் எடுத்துப் போட்டேன். பைக்குள் கை விட்டால் காய்ந்த மந்தரீன் தோடம்பழத் தோல். தோல் செருப்பு மாதிரி இறுகியிருந்தது. விரலால் தேய்த்தபோது கொஞ்சம் மணந்தது. மந்தரீன் தோட்டங்கள் சூழ்ந்த சியாகுல்லி மைதானத்தில் இடது வேலிக்கு அப்பால் விழுகிற பந்துகளைத் தோட்டக்காரர் ஒரு பையில் சேர்த்து, மேலே பழங்களையும் போட்டுத் தருவார். நீங்கள் பழத்தை எங்களுக்குத் தந்துவிட்டுத் தோலை வைத்துக்கொள்வீர்கள், கையுறையின் நாற்றம் போகக் கையில் தேய்ப்பதற்கு.

அந்த மணத்தோடு எனக்குக் களைப்பும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தூர வடக்கே போலோஞ்ஞா நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, படித்த படிப்புக்கான வேலை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதானால் அணியை விட வேண்டும். அணியை விடமாட்டேன் என்று உங்களுக்கு ஒத்துக்கொண்டவள் நான்.

நான் உங்களிடம் வந்தது சொஃப்ட்போல் விளையாட அல்ல. அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஓர் இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வீட்டுவேலை முடிந்து வரும்வரை எங்கேயாவது இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பேச ஆள் இல்லை. மைதானத்து மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நேராக என்னிடம் வந்து, "தினமும் பார்க்கிறாயே, என்ன கண்டாய்?" என்று கேட்டீர்கள். பந்தெறிகிற பெண் மெதுவான பந்தை எறிவதற்கு முன் கீழுதட்டைக் கடிக்கிறாள் என்றேன். நீங்கள் திரும்பி அவளைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "நாளைக்குச் சப்பாத்தோடு வா, பிச்சிரிட்டா" என்றீர்கள். சிசிலிக்காரர்கள் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற அந்தச் சொல்தான் கடைசிவரை என் பெயராக இருந்தது.

அடித்தவள் ஓடித் தொட வேண்டிய தளங்களில் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்று, மட்டை பிடிப்பவளுக்கு நீங்கள் சைகை காட்டுவீர்கள். தொப்பி, காது, நெஞ்சு, இடுப்பு என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றுதான் உண்மை, மற்றதெல்லாம் எதிரணியை ஏமாற்ற. முதல் நாள் அதை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டீர்கள். நான் தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்தேன்.

"ஆமாவா, இல்லையா?"

மறுபடியும் சாய்த்தேன்.

"கழுத்து வலியா?"

எறிபவளுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற ஜூலியா, குந்தியபடியே பின்னால் விழுந்து சிரித்தாள். "கோச், இவளுடைய தலையில் ஏதோ ஆணி கழன்றிருக்கிறது." என் காது சுட்டது. "எங்கள் வீட்டில் இதற்கு ஓம், ஆமாம் என்று அர்த்தம்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. நீங்களும் ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தீர்கள், சேவல் மாதிரி. "இதை எவனும் படிக்க மாட்டான்" என்றீர்கள்.

அடுத்த கிழமையே அணி முழுவதையும் பழக்கிவிட்டீர்கள். சைகை கிடைத்தது என்பதற்கு அதுதான் எங்கள் பதில். கத்தானியாவிலிருந்து வந்த அணியின் கோச் நடுவரிடம் ஓடிப்போய், இந்தப் பெண்கள் எங்களைக் கேலி செய்கிறார்கள் என்று முறையிட்டார். நடுவர் உங்களைப் பார்த்தார். "என் பிள்ளைகளுக்குக் கழுத்து வலி" என்றீர்கள், கொஞ்சமும் முகம் மாறாமல்.

அன்றைக்கு அம்மாவும் மாதா கோயிலில் பூசை முடிந்து அங்கே வந்திருந்தா. "இதென்ன பிள்ளை, எல்லாப் பெட்டையளும் எங்கட ஆக்கள் மாதிரித் தலையாட்டுதுகள்? நீயே பழக்கினனி?"

"நானில்லை அம்மா, கோச்தான் பழக்கினவ."

"அவவுக்கு ஆர் பழக்கினது?"

நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிற மாதிரிக் குனிந்தேன்.

இன்னொரு சைகை இருந்தது. அதை நீங்கள் காட்டுவது குறைவு. வலது உள்ளங்கையால் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தடவை வழிப்பீர்கள். இதுவரை சொன்னதெல்லாம் அழிந்தது, உன் கண் சொல்வதைச் செய் என்று அர்த்தம். ஜூலியா பல வருடம் ஆடியும் தனக்கு அது கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் குறைப்படுகிறாள். எனக்கு ஒரு தடவை கிடைத்தது, மேல் பிரிவுக்குப் போக வேண்டிய ஆட்டத்தில். பந்தை மெல்லத் தட்டி முன்னால் விழுத்து என்று முதலில் சொன்னீர்கள். நான் தலையைச் சாய்த்தேன். ஆனால் எதிரணிப் பெண்கள் இருவர் அதை எதிர்பார்த்து முன்னால் ஊர்ந்து வருவதைக் கண்டுவிட்டு உங்களை மறுபடி பார்த்தேன். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். நீங்களும் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு கையை வழித்தீர்கள். நான் வீசியடித்தேன். பந்து அவர்களின் தலைக்கு மேலால் போய் வேலியில் பட்டது. மூன்றாம் தளத்தில் நின்ற எங்கள் பெண் ஓடி வந்து, வீடு என்று நாங்கள் சொல்லும் கடைசித் தளத்தைத் தொட்டாள், வென்றுவிட்டோம்.

எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதோம். நீங்கள் மட்டும் தளங்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். "திங்கட்கிழமை கோடு போட வேண்டும்" என்றீர்கள். அதுதான் உங்கள் வெற்றிப் பேச்சு, எல்லா வருடமும். திங்கட்கிழமை வந்து பார்த்தால், நாங்கள் வென்ற சிசிலிக் கிண்ணத்தாலேயே மூட்டையிலிருந்து சுண்ணாம்பை அள்ளிக்கொண்டிருந்தீர்கள். அளவு சரியாக இருக்கிறதாம்.

வெளியூர்க்காரர்கள் உங்களைப் பெரிய ஆள் என்பார்கள். உங்களிடம் ஆடியவர்கள் தேசிய அணிக்குப் போயிருக்கிறார்கள். பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. நான் கண்டது உங்கள் முழங்கால். படிகளில் ஏறும்போது பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொன்றாக ஏறுவீர்கள். கத்தானியாவில் ஆடிவிட்டுத் திரும்பும் ரயிலில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். வடக்கே பெரிய கழகம் ஒன்று உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஏன் போகவில்லை என்று எங்கிருந்தோ துணிவு வந்து கேட்டுவிட்டேன். யன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

"அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, பிச்சிரிட்டா. நானே கோடு போட்டேன், நானே உள்ளே நின்றேன்."

பிறகு எங்கள் நகரத்தின் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே வந்தது. பைகளை எண்ணச் சொன்னீர்கள்.

நவம்பர் இரண்டாம் திகதிகள் நினைவிருக்கின்றனவா? பலெர்மோப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு இறந்தவர்கள் பரிசு கொண்டுவந்து வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தங்கள் தாத்தா தந்த சைக்கிளைப் பற்றிக் கதைக்கும்போது நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு அது மெழுகுதிரி கொளுத்தி அழுகிற நாள் மட்டும்தான். இலங்கையில் மன்னாரில் புதைந்து கிடக்கிறவர்கள் இவ்வளவு கடல் தாண்டி வருவார்களா என்று நான் கேட்டதும் இல்லை. முதல் வருடம் நீங்கள் எல்லோருக்கும் வாதுமையில் பழம் போலவே செய்த இனிப்புகள் கொண்டுவந்தீர்கள். "என் அப்பா தந்தார். உயிரோடு இருந்தபோது இந்த விளையாட்டைக் கண்ணிலும் காட்டக் கூடாது அவருக்கு. இப்போது வேறு வேலை இல்லை" என்றீர்கள். எனக்கு மட்டும் இரண்டு தந்தீர்கள். "உன் ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து இவரே வாங்கியிருக்கிறார்." நான் அதில் ஒன்றை இன்றைக்கும் சாப்பிடவில்லை. எறும்பு அரித்துவிட்டது, ஆனாலும் டப்பாவில் இருக்கிறது.

நான் பட்டம் பெற்ற அன்று, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக, தலையில் இங்கே பட்டதாரிகள் சூடுகிற லோரல் இலை வளையத்தோடு நின்றபோது நீங்கள் விளையாட்டு உடையிலேயே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். அம்மா வீட்டில் பொரித்த ரோல்ஸைப் பொதி கட்டிக்கொண்டு வந்திருந்தா.

"இவவுக்கு இன்னுமொண்டு குடு பிள்ளை. மெலிஞ்சு போனா."

"அம்மா என்ன சொல்கிறார்?"

"மெலிந்துவிட்டீர்களாம்."

"நல்ல கண். இவரை நடுவராகப் போடலாம்."

நான் மொழிபெயர்க்க, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. உங்கள் நோயை எனக்கு முதல் கண்டது அம்மாதான். உங்களுக்கும் அப்போது தெரிந்திருக்குமோ, இல்லையோ.

ஆசுபத்திரியில் கடைசியாகக் கண்டது ஒரு பிற்பகல். யன்னல் வெயில் கட்டிலில் பாதிக்கு வந்திருந்தது. கைகள் போர்வைக்குள் இருந்தன. எனக்கு அது பெரிய அந்தரமாக இருந்தது. உங்கள் கைகளைப் பார்த்துத்தானே உங்களை விளங்கிக்கொள்வேன். "பிள்ளைகளை விட்டுவிடாதே" என்றீர்கள். தலையைச் சாய்த்தேன். நீங்கள் கண்ணை மூடினீர்கள். உங்களுக்கு விளங்கிவிட்டது, இந்த நகரத்தில் எங்கள் ஆட்களைத் தவிர அதை விளங்கிக்கொள்ளக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

இப்போது நான் நிற்கிறேன் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில். காலையில் பரிசோதனைக்கூடமொன்றில் கண்ணாடிச் சோதனைக்குழாய் கழுவுகிற தற்காலிக வேலை, பிற்பகல் மைதானம், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில். வெல்லவும் செய்கிறோம் கோச். அதுதான் கஷ்டம். தோற்றால் யாராவது என்னை விலக்கிவிடுவார்கள். வென்றுவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்து சுவரைப் பார்க்கிறேன். சில நேரம் உங்கள்மேல் கோபம் வருகிறது. அந்த ரயிலில் அப்படிச் சொன்ன நீங்கள், எல்லாம் தெரிந்த நீங்கள், ஏன் என்னிடம் அப்படிக் கேட்டீர்கள்? பயந்திருப்பீர்கள். அதையும் நான் கண்டேன்.

ஜூலியாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். "போ. நான் நிற்கிறேன்" என்றாள், மட்டைகளைத் துடைத்துக்கொண்டே. "வென்றுகொண்டிருக்கும்போதும் உன் முகத்தைப் பார்த்தால் தோற்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள்." அவள் நன்றாக நிற்பாள். சத்தம் போடுவாள், கூடுதலாகவே போடுவாள். உங்கள் பிள்ளைகள் தனியே நிற்கப்போவதில்லை.

அம்மாதான் விடவில்லை. "வாயால சொன்னனியோ?" என்று கேட்டா.

"இல்லை. தலையாட்டினன்."

"அப்ப ஓம் எண்டு தானே அர்த்தம். செத்தவைக்குச் சொன்னதை ஆரிட்டைப் போய் மாத்துறது பிள்ளை?" என்றவ, கோப்பையைக் கழுவியபடி, "போகவும் வேணும்தான்" என்றா.

இன்று பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சைகைகளைச் சொல்லிக் கொடுத்தேன். உங்களை ஒருநாளும் காணாதவள். முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டேன். தலையை இரண்டு பக்கமும் அழகாகச் சாய்த்தாள். யார் பழக்கியது என்று கேட்டேன். "எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள், கோச்?" என்றாள். கோச் என்று யாராவது கூப்பிட்டால் நான் இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்களிடமிருந்து நான் கொண்டுபோகக்கூடியது என்ன என்று யோசித்துக்கொண்டே கோடு போட்டேன். எங்கே போனாலும் முதலில் பார்ப்பேன், பிறகுதான் பேசுவேன். ஒரு நல்ல நாளுக்கு அடுத்த நாளும் வேலைக்குப் போவேன். மந்தரீன் தோலைப் பையில் வைத்துக்கொள்வேன். யக்கெட்டை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன், அது ஜூலியாவுக்கு.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வியாழக்கிழமை இறந்தவர்களின் நாள். உங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை, பரிசு கொடுக்க நிறையப் பேர் இருக்கமாட்டார்கள். எனக்கு இனிப்பு வேண்டாம். பிற்பகல் நான் மட்டையோடு வந்து தனியே நிற்பேன். நீங்கள் ஒருமுறை மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். தொப்பி, காது, நெஞ்சு, இடுப்பு ஒன்றும் வேண்டாம். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஒரு தடவை வழித்துவிடுங்கள்.

நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்டதும் தலையைச் சாய்ப்பேன்.