கார்ட்டூனில் கண்ட கடல்

நித்திரையில் இருக்கும் ஜசிந்தனுக்கு,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். மகள் ஷெறின் எழும்பியதும் முதலில் பால் கொடுங்கள்.

நேற்று ரீவிக்காக உங்களோடு சண்டை பிடித்தேன். "ரெண்டரை வயசுப் புள்ளயக் கார்ட்டூனுக்கு முன்னால இருத்திப்போட்டு நீங்க குறட்டை விடுறீங்க" என்று ஏசினேன். குறட்டையைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

விடிய மகள் என்னைத் தட்டி எழுப்பி, "அம்மா, கடல் எங்க இருக்கு? மீன்குஞ்சு அங்கதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டாள். கடலோரக் கல்குடாவில் பிறந்த பிள்ளை கடலை ரீவியில்தான் கண்டிருக்கிறாள். என் அம்மாவைச் சுனாமி கொண்டுபோனதிலிருந்து இந்த ஐந்து வருடமும் நானும் கரைக்குப் போகவில்லை, அவளையும் விடவில்லை.

இன்றைக்கு ரீவி அரை மணித்தியாலம்தான். நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள், கண்ணைத் திறந்துகொண்டு.

நாலு மணிக்கு வந்துவிடுவேன். உடுத்து வெளிக்கிட்டு நில்லுங்கள், மூன்று பேரும் கடற்கரைக்குப் போவோம்.

சுகந்தினி

மகளுக்குத் தொப்பி போடுங்கள்.

பாதி வழியில் நான் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பார்த்தால் விடாதீர்கள். என் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.