பிரசீதா ஒட்டிவைத்த சீட்டு

யேசுவுக்குத் துதி.

இரிஞ்ஞாலக்குடா,
ஜூன் 11

ஜிபின் மோனே,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், நீயும் ஆன்சியும் குழந்தையும் மெல்பர்ன் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. மற்ற விசேஷம் எழுதும் மனநிலையில் நான் இல்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

மாடியில் உன் ஹோம் தியேட்டர் அறையில் ஈஸ்டர் அன்று படம் ஓடும்போது கூரை ஸ்பீக்கர் ஒன்று கிழிந்தது. நான் சொன்னதும் நீ அங்கிருந்தே அதைப் பொருத்தின கடைக்கு போன் போட்டு, பொம்பளையை அனுப்பினா இப்படித்தான் ஆகும், அவளுக்குக் கரண்டி பிடிக்கத்தான் தெரியும் என்று கத்தினாய். கடை முதலாளி பால்சன் அந்த வாரமே, பொருத்த வந்த பிரசீதாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். ஒன்பது வருஷம் அவருக்காக ஊரெல்லாம் ஏணி ஏறினவள். இப்போது மற்ற கடைகளிலும் ஸ்பீக்கரைக் கிழிச்சவள் என்று வாசலோடு திருப்பி அனுப்புகிறார்களாம்.

நேற்று சுவர் ஈரமாகியிருக்கிறதா என்று பார்க்க ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்புகிற மெஷின் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பிரசீதா கையெழுத்து, டிசம்பர் 19 தேதி. கிராஸ்ஓவர், அதாவது கனத்த சத்தம் எந்த அளவில் பிரிந்து போகவேண்டும் என்ற கணக்கு, முன்னால் நிற்கிற உயரமான இரண்டுக்கும் 80, நடுவில் 80, கூரையில் நாலுக்கும் 120, எல்லாம் ஸ்மால் என்று எழுதியிருக்கிறாள். அன்றைக்கு என் நாற்காலியில் என் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி, மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது அம்மச்சி, கீழே போங்க என்று என்னைத் துரத்திவிட்டு ஒரு மணிநேரம் அளந்தாள். பிறகு கூப்பிட்டுச் சொன்னாள், கனத்த சத்தத்தை எல்லாம் மூலையில இருக்கிற இந்தக் கறுப்புப் பெட்டி சுமக்கட்டும், அதுக்குத்தான் அது பிறந்திருக்கு, கூரையில இருக்கிற சின்னதுங்க தலையில அதை ஏத்தினா ஒருநாள் கிழிஞ்சிடும் என்று. எனக்குப் புரிந்தது. ஓட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் களிமண் சுமந்தவளுக்கு யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று தெரியும்.

டிவியைப் போட்டு மெனுவைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் லார்ஜ், கனத்த சத்தம் முழுக்க அந்தச் சின்னதுகள் தலையிலும். மாற்றினது நீ. கிறிஸ்துமஸ் முடிந்து மெல்பர்னுக்குக் கிளம்பின அன்று காலையில், இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை ஸ்மால்னு போட்டு வெச்சிருக்கா, மண்டையில ஒண்ணுமில்ல என்று திட்டிக்கொண்டே ரிமோட்டை அமுக்கினாய். அப்பத் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன். ஈஸ்டருக்குப் பிறகு முதலாளி என்னிடமும் கேட்டார். என் மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை நான் எதைக்கொண்டு கழுவுவது?

இன்று காலை சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பில் உங்க மகன் பேர்ல, புகாரும் அவரோடது, அவர் வாயால சொல்லட்டும், நீங்க பாவம் பார்த்துப் பேசுறீங்க அம்மச்சி, மழைக்கு முன்னால வீடு போய்ச் சேருங்க என்றார். அங்கிருந்து நேரே பிரசீதா வீட்டுக்குப் போனேன். மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. ஸ்மால்னு போட்டது ஸ்பீக்கருக்குத்தான் அம்மச்சி, உங்க மகனுக்கு இல்ல, அவருக்கு ஏன் அவ்வளவு ரோஷம் என்று கேட்டாள். பதில் இருந்தால் எழுது.

கம்பெனியில் ஒருமுறை மேஸ்திரி சூளையில் சூட்டைக் கூட்டிவிட்டு, வெடித்த ஓடுகளை எல்லாம் என் தலையில் போட்டான். முறையாக அடுக்கத் தெரியாதவள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். உனக்கு ஏழு வயது, வாசலில் நின்று கேட்டுவிட்டு, பெரியவனானதும் அவனை அடிப்பேன் என்றாய். பெரியவனாகி அவனைப்போலவே பேசுகிறாய்.

ஆகஸ்டில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த அறையைக் காட்டவேண்டும் என்கிறாய். அறையைப் பூட்டிவிட்டேன். சாவியை இன்றே பிரசீதாவிடம் கொடுத்துவிட்டேன். நீ முதலாளியிடம் உண்மையைச் சொல், அதோடு நிற்காமல் அவளுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேள், ஆன்சி பக்கத்தில் இருக்கும்போதே கேள். அதற்குப் பிறகு அவளுக்கு மனசு வந்தால் திறக்கட்டும். வராவிட்டால் விருந்தாளிகள் மாடிப்படியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நானே சொல்வேன்.

ஆண்டவர் உன் குடும்பத்தைக் காக்கட்டும், குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. கடை காலை பத்துக்குத் திறக்கும், உனக்கு அப்போது பகல் இரண்டரை. தூக்கத்தில் இருந்தேன் என்று சொல்லாதே.

உன் அம்மச்சி,
ரோஸக்குட்டி