‘சரி சார்’ என்று சொல்லாதே

மேலகரம்,
ஜூலை 19.

அன்பு மகள் வேல்விழிக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். போனில் பேசினால் உன் அம்மா இடையில் புகுந்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

குற்றாலத்தில் சாரல் விடவே இல்லை. நம் டிரைவிங் ஸ்கூல் காரில் சீட்டெல்லாம் ஈரம்.

விமானப் பள்ளியில் உனக்கு வந்திருக்கும் புது வாத்தியார் கேப்டன் சாமை எனக்குப் பிடிக்கவில்லை. பழையவர் ஏசினார், நீ அழுதாய், அது முறை. இவர், நீ தப்பாகத் தரையிறக்கினாலும் டீ வாங்கிக்கொடுத்து மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாராமே! விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறவருக்கு மனசோடு என்ன வேலை? கூடப் படிக்கிறவர்களெல்லாம் தனியாகப் பறந்தாயிற்று. உன்னை மட்டும் இரண்டு தடவை நிறுத்திவைத்திருக்கிறார். இப்படிக் குழைந்து பேசுகிற ஆளை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

கோபப்படாதே, அம்மா போனிலிருந்து நம்பரை எடுத்து அவரையே கூப்பிட்டுவிட்டேன். நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாயாம். ஆனால் எதைக் கேட்டாலும் ‘சரி சார்’ என்கிறாயாம், புரியாததை வாய்திறந்து சொல்வதில்லையாம். யாருக்குப் பயந்து இப்படிப் பழகினாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். என்ன திமிர்! போனை வைத்துவிட்டேன்.

முந்தாநாள், புதிதாகச் சேர்ந்த உமா மகேஸ்வரியை ஐந்தருவி ரோட்டில் ஓட்டவிட்டேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டச் சொல்லி முதல் நாளே சத்தம் போட்டிருந்தேன். பழக்கடை கிட்டே வரும்போது பிரேக்கைப் பிடி என்கிறேன், சரி அண்ணாச்சி என்கிறாள், வண்டி நிற்கவில்லை. அதோடு சேர்த்துப் பூட்டிய என் பக்கத்துப் பிரேக்கும் அமுங்கவில்லை. கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். ஒரு சாண் தள்ளி ரம்புட்டான் தட்டு, அதற்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. குனிந்து பார்த்தால், கழற்றிப்போட்ட செருப்பு பிரேக்குக்கு அடியில் கிடக்கிறது. முன்னமே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் அண்ணாச்சி, சொன்னா ஏசுவியளேன்னு காலாலயே தள்ளிப் பாத்தேன் என்று அழுதாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த சாம் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருநாள்கூட நீ ‘தெரியலப்பா’ என்று சொன்னதில்லை. கெட்டிக்காரி என்று தென்காசி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

தனியாகப் பறக்கும்போது கை பிரேக்கை இழுக்கப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்களம்மா. தெரியாததை அவரிடம் சொல்லிவிடு. வாய் வரவில்லை என்றால் முதலில் என்னிடம் சொல்லிப் பழகு. நான் ஏசினால் போனை வைத்துவிடு, நானே திரும்பக் கூப்பிடுகிறேன்.

நீ நல்லபடியாகத் தரையிறங்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொண்டிருக்கும்
அப்பா,
நல்லகண்ணு