பூட்ஸுக்குள் நெத்திலி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மாதா துணையால் ஜப்பானுக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அப்பா, கீழவைப்பார் மீன் ஏலக்கூடத்துத் தராசில் நீங்கள் நிறுத்துப் பார்த்தபோது என் பனிச்சறுக்குப் பலகைப் பை இருபத்திரண்டரை கிலோதான். சென்னை விமான நிலையத்தில் இருபத்துநான்கரை காட்டியது. இருபத்துமூன்றுக்கு மேல் விடமாட்டார்கள். திறந்தால், பூட்ஸுக்குள் நெத்திலிக் கருவாடு, ஹெல்மெட்டுக்குள் மக்ரூன். எல்லாம் அம்மாவின் வேலை!

"அதை எடுத்துப் போட்டுருங்க" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். எனக்கு மனம் வரவில்லை. கனத்த பூட்ஸைக் காலில் மாட்டி, பனிக்கோட்டையும் போட்டுக்கொண்டேன். பின்னால் நின்ற நம் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர், "ஏளா, நிலாவுக்கா போற?" என்று சிரித்தார்.

இங்கே வந்த மறுநாளே பனியில் சறுக்கிக் காட்டினேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை உறுதியாகிவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்குப் பனியில என்ன வேல?" என்று ஊரே கேட்டபோது, நீங்கள் உட்கார்ந்து இந்தப் பையைத் தைத்துத் தந்தீர்கள். அதை மறக்க மாட்டேன், அப்பா.

அம்மா, கருவாடு தீர்ந்துவிட்டது. இனி நான் கூப்பிட்டால், பேசி முடித்ததும் போனை அணைத்துவிடாதே. அடுக்களையில் அப்படியே வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ எதுவும் பேச வேண்டாம்; அடுக்களைச் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
அனுஜா